கையுறைக்கு வெளியே ஒரு விரல்

எவாரிஸ்தோ பெகேரோவின் மெதுப்பந்து எப்படிச் செத்துப்போனது என்று எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். முழங்கை என்பான் ஒருவன். ரம் என்பான் இன்னொருவன். மீன் பொரித்து விற்கும் மிலாக்ரோஸ் அது செய்வினைதான் என்று சத்தியம் செய்வாள். உண்மை தெரிந்த ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான். இருபத்தொரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் லிசாந்த்ரோ. லிச்சோ என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். நான் பேஸ்பாலில் கேட்சர். பிட்சர் எறியும் பந்தை, மட்டைக்காரனுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பிடிக்கிறவன். எங்கள் லீக் குளிர்காலத்தில்தான் நடக்கும்; பதினாறு குளிர்காலம் அப்படி உட்கார்ந்ததில் முட்டி இரண்டும் போயின. வலது கையில் நேராக இருக்கும் விரல்கள் இரண்டு. அந்தப் பதினாறில் ஆறு குளிர்காலம் எவாரிஸ்தோவின் பந்தைப் பிடித்தேன். இருவரும் கூழைக்கடா அணி. அவன் மகள் நெரெய்தாவுக்குக் கோயிலில் ஞானத்தகப்பனாக நின்றதும் நான்தான். எங்கள் நாட்டில் அப்படி நின்றுவிட்டால் பிள்ளையின் அப்பன் உனக்குக் கொம்பாய், நீ அவனுக்குக் கொம்பாய். கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். கொம்பாயோடு கூடாது.

மெதுப்பந்தில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கை வேகப்பந்துக்கு வருகிற அதே வேகத்தில் வரும், பந்து மட்டும் வராது. மட்டைக்காரன் முன்னாடியே சுழற்றிவிட்டு, இடுப்பு முறுக்கிக்கொண்டு, மானம் போய் நிற்பான். ஆனால் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் தீர்ந்தது. தெரிந்து வருகிற மெதுப்பந்தை என் மாமியார்கூட அடிப்பாள்.

ஆறாவது குளிர்காலத்து டிசம்பரில் ஒருநாள் அதைப் பார்த்தேன். எவாரிஸ்தோ இடது கைக் கையுறைக்கு வெளியே ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி வைத்திருப்பான். நிறையப் பேர் அப்படித்தான் வைப்பார்கள். வேகப்பந்து என்றால் அந்த விரல் கையுறையின் முதுகில் படுத்திருந்தது. மெதுப்பந்துக்குப் பந்தை உள்ளங்கையில் ஆழமாக அமுக்க வேண்டும். கையுறைக்குள் அப்படி அமுக்கும்போது விரல் மெல்ல எழுந்து நின்றது. அடுத்த பந்து, படுத்தது. அடுத்த மெதுப்பந்து, எழுந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

நான் சொல்லவில்லை. அதுவரை என் மேல் தப்பு இல்லை, எந்த ஆட்டக்காரனைக் கேட்டாலும் சொல்வான். அவன் தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்திருந்தான். ஜெயித்துக்கொண்டிருக்கிற பிட்சரிடம் அவன் உடம்பைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ராசி போய்விடும் என்று மேனேஜர் அந்த ஏழு வாரமும் ஒரே ஜோடி காலுறையைத் துவைக்காமல் போட்டார். இந்த நேரத்தில் போய் 'உன் விரல் எழுகிறது' என்றால், நாளையிலிருந்து அவன் விரலை நினைப்பான், கையை மறப்பான். சீசன் முடியட்டும் என்று இருந்தேன்.

ஜனவரியில் கூழைக்கடா அணி வெளியேறியது. வெளியேறிய அணிகளின் ஆட்களில் நல்லவர்களை மற்ற அணிகள் கடைசிச் சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும். எங்கள் லீக்கில் அப்படித்தான். இரவல் ஆள் என்போம். நேற்றுவரை திட்டிய சட்டையை இன்று மாட்டிக்கொண்டு ஆடுவோம், அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. எவாரிஸ்தோவைச் சுறா அணி எடுத்தது. என்னைச் சேவல் அணி எடுத்தது. இறுதிப் போட்டி அந்த இரண்டுக்கும்தான். பிரிகிறபோது என்னைக் கட்டிப்பிடித்து, "கொம்பாய், உன் மட்டைக்கு மட்டும் ஒரு வேகப்பந்து பிச்சை போடறேன், போ" என்று சிரித்தான்.

சேவல் அணியில் முதல் நாள் காலை, மேனேஜர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். வாழைக்காய் மசியல், பொரித்த சலாமி, இரண்டு முட்டை. அவர்களுக்கு நல்ல கேட்சர் ஒருவன் இருந்தான், இருபத்திரண்டு வயது. எனக்கு ஆட இடம் இல்லை என்று தட்டைப் பார்த்ததுமே புரிந்தது.

"லிச்சோ, இங்க சும்மா உக்காந்து சாப்பிட ஆள் எடுக்கல" என்றார். "பெகேரோ பந்தை ஆறு வருஷம் பிடிச்சிருக்க. அவன்கிட்ட என்ன இருக்கு?"

"அவன் என் கொம்பாய், மேனேஜர்."

"என் கொம்பாய் கூடத்தான் சுறாவுல இருக்கான். என்னைப் பத்தி அங்க இந்நேரம் எல்லாம் கக்கியிருப்பான். தொழில் வேற, ஞானஸ்நானம் வேற."

வாயில் முட்டை இருந்தது. அதை விழுங்கக்கூட இல்லை. "விரலைப் பாருங்க" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரு தட்டு மசியலுக்கு முன்னால் நான் உபயோகமான ஆள் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன்.

அந்த இறுதிப் போட்டியைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள், எவாரிஸ்தோவை எடுக்கலாமா என்று. சேவல் அணியின் கோச் க்விகோ, மட்டைக்காரன் அடித்ததும் ஓடித் தொடுகிற முதல் தளத்துக்குப் பக்கத்தில் நின்றான். விரல் எழுந்தால் மட்டைக்காரனுக்கு ஒரு விசில். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் மூன்றாவது முடிவதற்குள் ஒன்பது ரன். மெதுப்பந்து போட்டபோதெல்லாம் அது வேலிக்கு வெளியே போனது. எவாரிஸ்தோ பந்தெறியும் மேட்டில் நின்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் எதிர் அணி பெஞ்சிலிருந்து பார்த்தேன். அமெரிக்கர்கள் நான்காவது இன்னிங்ஸில் எழுந்துபோய்விட்டார்கள்.

பந்து கெட்டுவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். அடுத்த ஐந்து வருஷம் மெக்சிகோ, நிகராகுவா, இத்தாலி. போன இடமெல்லாம் பிடியை மாற்றினான், மணிக்கட்டைத் திருப்பினான். முழங்கையை இரண்டு தடவை அறுத்துத் தைத்தார்கள். ஒரு கோளாறும் இல்லாத பந்தைச் சரிசெய்யப் போய்க் கையையே உடைத்துக்கொண்டான். கிறிஸ்துமஸ் இரவு இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் பன்றி வறுப்போம். ஒவ்வொரு வருஷமும் இரண்டாவது குவளைக்குப் பிறகு கேட்பான்.

"கொம்பாய், நீதான் பிடிச்சவன். நிஜமாச் சொல்லு. அன்னிக்கு என் பந்துக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அன்னிக்கு அவனுங்க நாள்" என்பேன்.

அதற்குப் பிறகு அவன் கோச் ஆனான். தூசி பறக்கும் சின்ன லீக்குகளில் பதினைந்து வருஷம் நின்று, போன வருஷம்தான் கூழைக்கடா அணி பிட்சர்களுக்குக் கோச்சாகக் கூப்பிட்டார்கள். "லிச்சோ இல்லாம நான் வரல" என்று சொல்லி, முட்டி மடங்காத என்னையும், பிட்சர்கள் கை சூடாக்கும்போது பந்து பிடிக்க இழுத்துக்கொண்டான். அவன் எனக்குச் செய்ததையெல்லாம் சொன்னால் எனக்குத்தான் கேவலம். இந்த வருஷம் அணி தோற்றபடியே இருந்தது. கிறிஸ்துமஸுக்குள் பிட்சர்கள் தேறவில்லை என்றால் கோச் வீட்டுக்குப் போகலாம் என்று அணி நிர்வாகத்தின் தலைவர் ரேடியோவிலேயே சொல்லிவிட்டார்.

எவாரிஸ்தோவின் கடைசி நம்பிக்கை யொர்விஸ் தவேராஸ். இருபத்தொன்பது வயது. மூன்று அமெரிக்க அணிகள் எடுத்து, மூன்றும் கழித்துவிட்ட ஆள். மனைவிக்கு நான்கு மாதம். வேகப்பந்து மட்டும் இருந்தது, வேறொன்றும் இல்லை. எவாரிஸ்தோ அவனுக்குத் தன் மெதுப்பந்தைக் கொடுத்தான்.

"கையில கெட்டது வேற, தலையில இருக்கறது வேற" என்றான் என்னிடம். "என் கையில செத்துச்சு. இவன் கையில பொழைக்கும்."

பிடி, காலடி, தோள், மூச்சு, எல்லாம் தன்னுடையதையே அச்சுப் பிசகாமல் கொடுத்தான். "விரலை வெளிய விடு. விரல் காத்து வாங்கணும்" என்றான்.

"என் பொண்டாட்டியும் இதையேதான் சொல்றா, கோச். வெளிய போய்க் காத்து வாங்கிட்டு வாங்கறா" என்றான் யொர்விஸ்.

முதல் வாரமே, எதிரே குத்தவைக்க முடியாமல் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பந்து பிடித்துக்கொண்டிருந்த நான் பார்த்தேன். யொர்விஸின் விரல் எழுந்தது. வேகப்பந்துக்குப் படுத்தது. மெதுப்பந்துக்கு எழுந்தது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எவாரிஸ்தோவிடம் 'விரலைப் பார்' என்று சொன்னால் அடுத்த நிமிஷம் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். நெரெய்தா அவனுடைய பழைய ஆட்டங்களையெல்லாம் அவன் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். அந்த இறுதிப் போட்டியை எடுப்பான். தன் விரலைப் பார்ப்பான். பிறகு என்னைப் பார்ப்பான். ஆறு குளிர்காலம் அந்த விரலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன், அப்புறம் சேவல் பெஞ்சில் உட்கார்ந்தவன். கணக்குப் போட அவனுக்கு ஒரு மூச்சு போதும்.

அதனால் கோழையின் வழியைப் பிடித்தேன். கையுறைக்கு வெளியே நிற்கும் விரலை மறைத்துத் தைக்கிற தோல் மூடி ஒன்று உண்டு. அதை வாங்கி, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து யொர்விஸின் கையுறையில் தைத்து, அவனிடம் நீட்டினேன். விரலுக்கு நல்லது, வெயில் படாது என்று உளறினேன்.

"என் விரல் என்ன கல்யாணப் பொண்ணா, பெரியவரே?" என்றான். ஆனாலும் போட்டுக்கொண்டான்.

நான்கு ஆட்டம். நான்கிலும் ஜெயித்தான். மெதுப்பந்துக்குச் சுழற்றியவர்கள் குடைசாய்ந்தார்கள். எவாரிஸ்தோ கண்ணில் நான் இருபது வருஷமாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். வழியில் பார்க்கிற ஆளையெல்லாம் நிறுத்தி, "பொழைச்சிருச்சு பாத்தியா" என்றான். ஜப்பானிலிருந்து ஒருவர் ஞாயிறு மாலை ஆட்டத்துக்கு வருவதாகச் செய்தி வந்தது, யொர்விஸைப் பார்க்க. ஆட்டம் சேவல் அணியோடு.

அந்த ஞாயிறு மதியம் யொர்விஸ் கை சூடாக்கிக்கொண்டிருந்தபோது எவாரிஸ்தோ பக்கத்தில் வந்தான். கையுறையைக் கையில் வாங்கினான்.

"இது என்ன கூடாரம்?"

"பெரியவர் வெச்சுக் குடுத்தது, கோச்."

எவாரிஸ்தோ என்னைப் பார்த்துச் சிரித்தான். "கொம்பாய், உனக்கு வயசாயிருச்சு. ஜப்பான்காரன் வந்து பாக்கறப்ப இவன் விரலுக்குத் தொப்பி போட்டுட்டு நிக்கணுமா? என் பந்தைப் போடறவன் என்னை மாதிரி போடணும்." பாக்கெட்டிலிருந்து சிறு கத்தரியை எடுத்து, தையலை ஒவ்வொன்றாக வெட்டினான். மூடியை என் மடியில் போட்டான்.

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். ஏன் என்று கேட்பான். அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. நான் குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். அவன் யொர்விஸின் முதுகில் தட்டி மேட்டுக்கு அனுப்பினான்.

க்விகோ இன்னும் அங்கேதான் இருந்தான். தலை முழுக்க நரைத்து, தொப்பை போட்டு, முதல் தளத்துக்குப் பக்கத்தில் நின்றான். முதல் இன்னிங்ஸில் சும்மா இருந்தான். இரண்டாவதில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், எங்கள் பெஞ்சில் நின்ற எவாரிஸ்தோவை ஒரு தடவை, மேட்டில் நின்றவனை ஒரு தடவை. பிறகு விசில் கேட்டது.

அதே விசில். இருபத்தொரு வருஷத்தில் சுதிகூட மாறவில்லை.

பந்து வேலிக்கு வெளியே போனது. அடுத்த விசிலுக்கு இன்னொன்று போனது. எங்கள் ரசிகர்கள் ஊதுகுழலை நிறுத்திவிட்டு எவாரிஸ்தோவைத் திட்ட ஆரம்பித்தார்கள். "பெகேரோ, உன் வியாதியை அவனுக்கும் ஒட்டவெச்சுட்டியாடா" என்று ஒருவன் கத்தினான். எவாரிஸ்தோ அதைக் கேட்டான். கேட்டதை நான் பார்த்தேன். நாலாவது இன்னிங்ஸில் அவன் மேட்டுக்கு நடந்துபோய் யொர்விஸ் கையிலிருந்து பந்தை வாங்கியபோது எட்டு ரன் போயிருந்தது. யொர்விஸ் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினான். ஜப்பானிலிருந்து வந்தவர் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கோச் பெகேரோவுக்கு நன்றி, இனி வேறு ஆள். நான் போனபோது அவன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு பெட்டி, அதற்குள் பழைய கையுறைகள், பந்துகள்.

"உக்காரு கொம்பாய். எது வேணுமோ எடுத்துக்க. மிச்சத்தைக் கொளுத்தப் போறேன்."

"வேற டீம் கூப்பிடும்."

"கூப்பிட்டாலும் போகமாட்டேன்." அவன் குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. "எனக்குள்ள ஏதோ அழுகிக் கிடக்கு கொம்பாய். என்னன்னு எனக்குத் தெரியல, டாக்டருக்குத் தெரியல. அதை ஒரு பிள்ளைத்தாய்ச்சி புருஷன் கையில எடுத்துக் குடுத்துட்டேன். நேத்து அவன் உள்ளங்கையைப் பாத்தான் பாரு. அப்பவே நான் செத்துட்டேன்."

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டிசம்பர், விரல், மசியல், முட்டை, க்விகோவின் விசில். எதையும் குறைக்கவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும்.

நான் முடித்ததும் அவன் பெட்டியிலிருந்து ஒரு கையுறையை எடுத்து மாட்டினான். விரலை வெளியே விட்டான். வலது கையில் பந்தை எடுத்து உள்ளே வைத்து, வேகப்பந்துக்குப் பிடித்தான். விரல் படுத்திருந்தது. மெதுப்பந்துக்கு அமுக்கினான். விரல் எழுந்தது. அதையே பார்த்தான். பல்லைக் கடித்து, விரலைப் படுக்கவைத்து, மறுபடி அமுக்கினான். எழுந்தது. அப்படி எத்தனை தடவை செய்தான் என்று நான் எண்ணவில்லை.

"பந்து நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் கடைசியில்.

"ஆமா."

"கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நான் பிடிச்சதுலயே நல்ல மெதுப்பந்து அதுதான்."

அவன் சட்டைக் கையை மடக்கி, முழங்கையில் இருந்த இரண்டு தழும்பையும் தடவினான். ஏதாவது ஒன்றால் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சேவல் டீம்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"தண்ணி குடுக்கறவனுக்கும்?"

"ம்."

"எனக்கு மட்டும்தான் தெரியாது." கையுறையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான். "போய் யொர்விஸ்கிட்ட சொல்லு. இப்பவே போ. இன்னிக்குள்ள சொல்லலன்னா மணிக்கட்டைத் திருப்ப ஆரம்பிச்சிருவான். நான் மறுநாளே ஆரம்பிச்சேன்."

"நீயும் வா, கொம்பாய்."

"நீ போ, லிசாந்த்ரோ."

கொம்பாய் ஆன இருபத்துமூன்று வருஷத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் வாடகை மோட்டார் சைக்கிள்காரன் ஒருவனைப் பிடித்து ஏறினேன். வழி முழுக்க அழுதேன். அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யாராவது செத்துட்டாங்களா, பெரியவரே?" என்று கேட்டான்.

யொர்விஸ் தன் வீட்டுக்குப் பின்னால், சுவரை நோக்கிப் பந்து எறிந்துகொண்டிருந்தான். எறியும்போது மணிக்கட்டு உள்பக்கமாகத் திரும்பியது. ஆரம்பித்துவிட்டிருந்தான். அவன் மனைவி ரஃபாயெலா கதவில் சாய்ந்து, வயிற்றில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து. பந்துல ஒண்ணும் இல்ல. உன் விரலைப் பார்" என்றேன்.

அவன் நம்பவில்லை. ரஃபாயெலாதான் போனில் நேற்றைய ஆட்டத்தைப் போட்டாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். முதல் மெதுப்பந்து, இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவதில் யொர்விஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்தான், பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"என் கை நல்லாருக்கு" என்றான் மனைவியிடம். "கேட்டியா? என் கை நல்லாருக்கு."

அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்தாள். அவன் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"எப்ப பாத்தீங்க, பெரியவரே?"

வழியில் ஆயிரம் முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். முதல் வாரமே பார்த்தேன், மூடி வைத்ததும் அதற்காகத்தான், நேற்று வாயை மூடிக்கொண்டு உன்னை மேட்டுக்கு அனுப்பினேன். எல்லாம் தயாராக இருந்தது. ரஃபாயெலா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நேத்து" என்றேன். "ஆட்டம் முடிஞ்சப்புறம்."

"ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டீங்க. கோச் எவாரிஸ்தோ ரெண்டு மாசமா என் எதிர்லயே நின்னாரு. பாவம், அந்த ஆளுக்குக் கண்ணு போயிருச்சு." அவன் எழுந்து என் இரண்டு தோளையும் பிடித்தான். கண்ணீரோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். "எங்களுக்கு மார்ச்ல பிறக்கும். ஞானத்தகப்பனா நீங்கதான் நிக்கணும். முடியாதுன்னு சொல்லக் கூடாது, கொம்பாய்."

ரஃபாயெலா காபி கொண்டுவர உள்ளே போனாள். நான் சரி என்று சொன்னேன்.